டச்சப் செய்யாத ஏழு முகங்கள்

என் பெயர் பாண்டியராஜன். அவனியாபுரத்தில் பைபாஸை ஒட்டி ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் பதினோரு வருடமாக டிசைனராக இருக்கும் கனகாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவளைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், ஒன்றும் கிடையாது. ஆனால் நடந்தது முழுவதும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கனகா வாயைத் திறந்து யாரிடமும் சொல்ல மாட்டாள்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பிள்ளைக்குக் காது குத்தினால் ஃப்ளெக்ஸ், பெண் சடங்கானால் ஃப்ளெக்ஸ், கல்யாணத்துக்கு நாலு, செத்தால் ஒன்று. காதணி விழா ஃப்ளெக்ஸ் என்றால் தாய்மாமன் மட்டும் போதாது, அவருடைய சேக்காளிகள் பதினாறு பேர் முகமும் வரிசையாக வேண்டும். பதினாறு பேரும் வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரு தடவை ஒரு தாய்மாமன் முகத்தை அவர் கொடுத்தபடியே போட்டுவிட்டோம். ஆறு பேரோடு கடைக்கு வந்துவிட்டார். "என்னய்யா, எம் மூஞ்சில கரியப் பூசி வச்சிருக்க?" என்றார். அது அவருடைய சொந்த முகம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. மறுபடியும் இலவசமாகப் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து கடையில் ஒரே சட்டம்: டச்சப் செய்யாமல் ஒரு முகமும் வெளியே போகக்கூடாது. கறுப்பு, பரு, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எதுவாக இருந்தாலும் துடைத்துவிட வேண்டும்.

இந்த வேலையில் மதுரை மாவட்டத்திலேயே கனகாவை அடிக்க ஆள் இல்லை. பாவம், அவளிடம்தான் அந்த வேலை போய்ச் சேர்ந்தது.

கனகாவுக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். இடது நெற்றியில் தொடங்கி, கண்ணைச் சுற்றி, கன்னம் முழுக்க இறங்கி, கழுத்துவரை ஒரு கருஞ்சிவப்பு மச்சம். பிறக்கும்போதே இருந்தது. நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு ஐந்து கடைகளில் வேலை கேட்டிருக்கிறாள். ஐந்து இடத்திலும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஆறாவதாக என்னிடம் வந்தாள். துப்பட்டாவை முகத்தில் சுற்றியிருந்தாள். ஒரு ஜல்லிக்கட்டு ஃப்ளெக்ஸைப் பண்ணச் சொன்னேன். காளை, காளைக்காரர், அவருடைய தம்பிமார் எல்லாரையும் இருபது நிமிடத்தில் அழகாக அடுக்கிவிட்டாள். நாளைக்கே வா என்றேன்.

நான் ரொம்ப நல்லவன் என்று அன்று எனக்கே தோன்றியது. அவளுடைய மேசையை உள் அறையில், சுவரைப் பார்த்துப் போட்டேன். அங்கேதான் ஏசி இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். ஏசி இருந்தது உண்மை. கடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்தால் அவளுடைய வலது கன்னம் மட்டும்தான் தெரியும் என்பதும் உண்மை. அவளுக்கு அது புரியாமல் இருந்திருக்குமா? ஒரு நாளும் கேட்கவில்லை.

அம்மா செல்லத்தாயைக் கூட்டி வந்து பக்கத்துத் தெருவிலேயே வாடகைக்குக் குடியேறினாள். கல்யாணப் பேச்சை நான் எடுத்தால் சிரிப்பாள். "கல்யாண ஃப்ளெக்ஸ் போட்டுப் போட்டே அலுத்துப்போச்சுண்ணே" என்பாள். வேலையில் தப்புக் கண்டுபிடித்தால் மட்டும் கோபம் வரும். என்னையே இரண்டு தடவை திட்டியிருக்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன் சத்யப்ரியா என்று ஒரு கல்லூரிப் பேராசிரியை அவளைத் தேடி வந்தார். மனநலம் சொல்லித் தருகிறவர். சென்னையில் உள்ள ஓர் அறக்கட்டளை அவருடைய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்திருந்தது. பிறவி மச்சம், தீக்காயம், வெண்புள்ளி, பிளவு உதட்டுத் தையல் என்று பார்த்ததும் தெரிகிற மாற்றம் உள்ளவர்கள் பஸ்ஸில், வேலையில், கல்யாண வீட்டில் என்ன பாடு படுகிறார்கள், அவர்களுக்கு எது உதவியாக இருக்கும் என்று கேட்டு எழுதுவதுதான் ஆராய்ச்சி. வேலை கொடுத்தவர்களுக்கும் ஒரு படிவம் இருந்தது. உங்கள் பணியாளரின் தோற்றம் உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறதா என்று ஒரு கேள்வி. 'ஒருபோதும் இல்லை' என்பதில் டிக் அடித்தேன். பேனாவை அழுத்தி அடித்தேன். படிவத்தை வாங்கிக்கொண்ட கனகா அதைப் பார்த்துவிட்டு, "தேங்ஸ்ணே" என்றாள்.

கனகாவிடம் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார் பேராசிரியை. முடிந்ததும் கனகா கேட்டாள்.

"எல்லாத்தையும் எழுதிக்கிட்டீங்க மேடம். நாளைக்கு நான் பஸ்ல ஏறும்போது இந்த எழுத்து என்னத்துக்கு ஆகும்?"

வேறொருவராக இருந்தால் முகம் சுளித்திருப்பார். சத்யப்ரியா யோசித்தார். ஆராய்ச்சிப் பணத்திலேயே மாதம் ஒரு கூட்டம் நடத்த அறக்கட்டளையிடம் அனுமதி வாங்கினார். அப்படித்தான் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு திருப்பரங்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் சேர்ந்து உட்கார ஆரம்பித்தார்கள். பஸ் காசு, டீ, மாதம் ஒரு தடவை வரும் மனநல ஆலோசகர், அவ்வளவுதான் செலவு. நடத்துகிற பொறுப்பு கனகாவுக்கு வந்து சேர்ந்தது.

"ஆபரேசனுக்குன்னா பணம் குடுக்க ஆள் இருக்குண்ணே. முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோ, காட்டுறதுக்கு நல்லாருக்கு" என்று ஒரு நாள் சொன்னாள். "ஆபரேசன் முடிஞ்சு வாரவ பக்கத்துல பஸ்ல ஒருத்தரும் உக்கார மாட்டேங்குறாங்க. அதை எந்த போட்டோல காட்டுறது?"

நான் தலையாட்டினேன். அவள் பேசும்போதெல்லாம் தலையாட்டியிருக்கிறேன். காதில் விழுந்தது எம்புட்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆராய்ச்சி முடிகிற வருடம் வந்தது. கூட்டத்தைத் தனியாக மூன்று வருடத்துக்குப் பணம் கொடுத்துத் தாங்கலாமா என்று பார்க்க அறக்கட்டளைக்காரர்கள் நேரில் வருவதாகச் சொன்னார்கள். அன்றைக்குத் திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி, கூட்டத்து ஆட்களின் முகங்களோடு வாசலில் ஒரு பேனர் என்று ஏற்பாடு. கனகா அதற்காக ஓடியதைப் பார்த்தால் அந்தப் பணத்துக்காக என்றுதான் தோன்றும். அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. வித்யாஸ்ரீ என்ற பெண்.

வித்யாஸ்ரீ கைத்தறி நகரில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். அப்பா சேலைக் கடையில் கணக்கு எழுதுகிறார். பதினைந்து வயதில் வீட்டில் கேஸ் கசிந்து தீப்பிடித்ததில் கன்னம், தாடை, கழுத்து எல்லாம் வெந்துவிட்டது. யார் யாரோ உதவி மூன்று ஆபரேசன் நடந்தது. இனி ஒன்றும் செய்ய வேண்டாம், நன்றாக ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவள் வாசல்படி தாண்டவில்லை. நாலு வருடம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது.

கனகா ஞாயிறு தவறாமல் அந்த வீட்டுக்குப் போனாள். முதல் நாலு வாரம் மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள். ஐந்தாவது வாரம் கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு நாள் அந்தப் பெண் இவளைப் பார்த்து, "அம்புட்டுப் பேசுறீங்களேக்கா, உங்க வாட்ஸ்அப்ல ஏன் ரோசாப்பூ படம் வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள். கனகா அங்கேயே உட்கார்ந்து, தன் முகத்தைப் படம் எடுத்து, அதை வைத்தாள். மறுநாள் என் போனில் அந்தப் படத்தைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. யாராவது விளையாட்டுக்கு அவள் போனில் மாற்றிவிட்டார்களோ என்று நினைத்தேன். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் வித்யாஸ்ரீ சம்மதித்தாள். நிகழ்ச்சிக்கு வருகிறேன், மற்றவர்களோடு என் படத்தையும் பேனரில் போடுங்கள் என்றாள். கனகாவையும் சேர்த்து மொத்தம் ஏழு பேர். அந்த ஏழு படங்களையும் கனகாவே எடுத்தாள். வித்யாஸ்ரீயை அவள் வீட்டு மாடியில், காலை வெயிலில் நிறுத்தி எடுத்தாள். படம் எடுத்த திங்கட்கிழமை கனகா கடையில் வேலை செய்துகொண்டே ஏதோ முணுமுணுவென்று பாடினாள். பதினோரு வருடத்தில் அவள் பாடி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

"அந்தப் புள்ள வந்துருச்சுன்னா போதும்ணே. பணம் வந்தா வருது, வராட்டிப் போகுது" என்றாள்.

நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை காலை. சனிக்கிழமை மதியம் பேனரை முடித்து என் சிஸ்டத்தில் போட்டுவிட்டு, மண்டபத்தில் நாற்காலி பார்க்கத் திருப்பரங்குன்றம் கிளம்பினாள். "ப்ரிண்ட் எடுத்து ஃப்ரேம் அடிச்சுக் காலைல அனுப்பிருங்கண்ணே, நான் போறேன்" என்று சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நான் ஃபைலைத் திறந்தேன். ஏழு முகங்கள். ஒன்றில்கூட டச்சப் இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பாவம், நாற்காலி, டீ, மைக் என்று அலைகிறாள், இதற்கு நேரம் கிடைத்திருக்காது. சென்னையிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். நம் கடையிலிருந்து, அதுவும் கனகாவின் நிகழ்ச்சிக்கு, இப்படி ஒரு பேனர் போகலாமா? இதுதான் நான் நினைத்தது. ஒரு எழுத்துகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

மவுஸைப் பிடித்து நானே டிசைன் செய்து பல வருடம் ஆகியிருந்தது. அன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். வெண்புள்ளிகளை மூடினேன். உதட்டுத் தையலை எடுத்தேன். வித்யாஸ்ரீ படத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. தழும்பை அழித்தால் அங்கே வைக்கத் தோல் வேண்டுமே. போன வாரம் ஒரு சடங்கு ஃப்ளெக்ஸுக்கு வந்த பெண்ணின் கன்னத்தை எடுத்து இவள் கன்னத்தில் பொருத்தினேன். தாடையையும் கழுத்தையும் சரி செய்தேன். அந்தப் பெண் கேமராவை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. தோல்தான் பட்டது.

கடைசியாகக் கனகாவின் படம். அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்க்கிறேன். பெரிதாக்கிப் பெரிதாக்கி, விளிம்பு விளிம்பாக அந்த மச்சத்தைத் துடைத்தேன். முடிந்ததும் எவ்வளவு லட்சணமாக இருக்கிறாள் என்று தோன்றியது. காலையில் இதைப் பார்த்து அழுதுவிடுவாள் என்று நினைத்து எனக்கே கண் கலங்கியது. இவ்வளவு பெரிய மடையனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஞாயிறு காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பேனரை லோடு ஆட்டோவில் ஏற்றி நானும் கூடவே போனேன். அவள் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும் இல்லையா. கனகா உள்ளே மைக்செட்காரரோடு நின்றிருந்தாள். மண்டப ஆட்கள் பேனரை வாசலிலேயே கட்டினார்கள். கட்டி முடித்த நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒரு அம்மாவும் பெண்ணும் இறங்கினார்கள். அம்மா பெயர் சாரதாம்பாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெண் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே துப்பட்டாவை முகத்திலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ரோட்டில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தலையைக் குனியவில்லை. நாலு எட்டு வைத்து வந்தவள் பேனரைப் பார்த்து நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தன் முகத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். சாரதாம்பாள் அவர்கள் வீட்டு மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார்.

கனகா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். பேனரைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு எப்படி அணைந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

வித்யாஸ்ரீ அவளிடம் கேட்டாள். "எம் போட்டோ நல்லா இல்லையாக்கா?"

"இல்ல தாயி, இது... இத நான்..." என்று கனகா திணறினாள். கை என் பக்கம் நீளும் என்று பயந்தேன். நீளவில்லை. "தப்பு நடந்துபோச்சு தாயி. இப்பவே கழட்டச் சொல்றேன்" என்றாள்.

வித்யாஸ்ரீ துப்பட்டாவை எடுத்து முகத்தில் சுற்றிக்கொண்டாள். அவசரமே இல்லாமல், கண் மட்டும் தெரிகிற மாதிரி பழைய பழக்கத்தில் சுற்றினாள். பிறகு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். கனகா ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். நான் பேனரின் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். 'நான்தான்மா செஞ்சேன், இந்தப் பிள்ளைக்குத் தெரியாது' என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஆட்டோ போய்விட்டது.

பேனர் இல்லாமலேயே நிகழ்ச்சி நடந்தது. கனகா மேடையில் நின்று தெளிவாகப் பேசினாள். வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னாள். திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்தாள்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான்மா செஞ்சேன்" என்றேன்.

"தெரியும்ணே" என்றாள். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஒரு மாதத்தில் அறக்கட்டளையின் கடிதம் வந்தது. மூன்று வருடத்துக்குப் பணம் தருகிறார்கள். சத்யப்ரியா போன் செய்து வாழ்த்தினார். கனகா கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். அந்த மாதக் கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள். அதற்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு தடவை கைத்தறி நகருக்குப் போய்விட்டு வந்திருந்தாள். கதவு திறக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் மதியம் சாரதாம்பாள் கடைக்கு வந்தார். கனகா எழுந்து நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"அன்னைக்கு வச்சிருந்தீங்களே, பாப்பா படம். அது மட்டும் தனியா ஒன்னு வேணும்மா. சட்டம் போட்டு" என்றார்.

"நான் எடுத்த படமாம்மா?" என்று கேட்டாள் கனகா.

"இல்லம்மா. பேனர்ல இருந்தது. பாப்பாதான் கேக்குறா."

கனகா ஒரு எட்டு முன்னால் வந்தாள். "நான் வீட்டுக்கு வந்து பாப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசுறேம்மா."

"வேணாம்மா." சாரதாம்பாள் தரையைப் பார்த்தார். "உன்னையப் பாக்க வேணாங்குறா. எங்கூட உக்காந்து அம்புட்டு நாள் பேசிட்டு, அக்காவுக்கே எம் மூஞ்சி புடிக்கலையேங்குறா."

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. ஒரு மாதம் தாமதமாக. "அதச் செஞ்சது நான்தாங்கம்மா. இந்தப் புள்ளைக்கு ஒன்னும் தெரியாது. நான் அதச் செய்யும்போது அவ மண்டபத்துக்கு நாற்காலி பாக்கப் போயிருந்தா" என்றேன்.

சாரதாம்பாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "நான் வீட்ல சொல்றேங்க" என்றார். "ஆனா யாரு செஞ்சா என்ன. அவ தெருவுக்கு வந்த மொத நாளு அவளுக்குத் தெரிஞ்சது அதான. படத்தப் போட்டுக் குடுங்க, நான் போறேன்."

நான் பிரிண்டர் பக்கம் நகர்ந்தேன். கனகா என்னைத் தடுத்துவிட்டுத் தானே உட்கார்ந்தாள். நான் செய்த ஃபைலைத் திறந்தாள். ஏழு முகங்களில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்தாள். தாடைக்குக் கீழே நான் பொருத்திய தோல் ஓரிடத்தில் நிறம் மாறித் தெரிந்தது. எனக்கு அன்று தெரியாத பிசிறு. அவள் அதைச் சரி செய்தாள். அவள் வேலை அது, அரைகுறையாக விட மாட்டாள். ப்ரிண்ட் எடுத்து, சட்டம் போட்டு, பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். சாரதாம்பாள் பையிலிருந்து பணத்தை எடுத்தார். கனகா வாங்கவில்லை.

அவர் போன பிறகு கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"என்னைய ரெண்டு வார்த்தை திட்டிரும்மா" என்றேன்.

"திட்டி என்னண்ணே ஆகப்போகுது."

"டச்சப் வேணாம்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேனே தாயி."

கனகா நாற்காலியை என் பக்கம் முழுதாகத் திருப்பினாள். உள் அறையில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முழு முகமும் என் எதிரே இருந்தது.

"சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். அப்பறம் நெனச்சேன், மத்தவங்களுக்குன்னா சொல்லணும், அண்ணனுக்கு எதுக்குன்னு. பதினோரு வருசம் நித்தமும் எம் மூஞ்சியப் பாத்தவருக்கு அது பழகியிருக்கும்னு நெனச்சுட்டேன்."

சொல்லிவிட்டு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அடுத்த காதணி விழாவின் தாய்மாமன் படத்தைத் திறந்தாள்.